பின்பக்கத்து ஃபியூஸ்

அந்த வேன் மஞ்சளாக இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். திருத்தணியில் பைபாஸுக்குத் திரும்புகிற இடத்தில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறைத்துக்கொண்டு போகும். சாயங்காலம் அவர்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். ஓட்டுவது ஒரு பெண், அம்மையார்குப்பத்துக்காரர். செல்ஃப் எடுக்கவில்லை, வைப்பர் நின்றுவிட்டது, ஹெட்லைட் மங்குகிறது என்று எது வந்தாலும் ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆள் வருகிறவரை காத்திருக்க மாட்டார். நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பதினேழு வருஷம் ஓட்டினார். பள்ளிக்கூடம் புது பஸ் வாங்கியபோது பழைய வேனை விற்றார்கள், அக்காவே அதை எடுத்துக்கொண்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் முடித்து, மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்து, ஒருநாள் என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே சீட்டுகள் இல்லை. ஒரு பக்கம் நீளமாக இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்ட கட்டில், அதன் கீழே பெட்டி மாதிரி இடம். எதிர்ப்பக்கம் அடுப்பு வைக்க ஒரு மேடை. ஜன்னல்களுக்குத் திரை. நெசவில் கறை பட்டு ஒதுக்கிய துணிகளைத் தைத்துப் போட்டிருந்தார்.

இதில் இன்னொரு பேட்டரி வைக்க வேண்டும் என்றார். வண்டி நின்றிருக்கும்போது ஒரு ஃபேன், ரெண்டு லைட், அப்புறம் ஒரு மெஷின் ஓட வேண்டும். மெஷின் அவருடைய வீட்டுக்காரருக்கு.

வீட்டுக்காரரையும் எனக்குத் தெரியும். அக்கா என்று ஆரம்பித்ததால், எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் எனக்குத் தானாகவே பாவா ஆகிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் தூக்கத்தில் மூச்சு அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, படுக்கும்போதெல்லாம் முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து அவர் வேறு எங்கேயும் இரவு தங்கியதில்லை. கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் கிளம்பிவிடுவார். தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்த மகளின் வீட்டை இன்னும் பார்த்ததே இல்லை.

மகள் வீடுதான் என்றால் பகல் ரயிலில் போய்விடலாமே, அங்கே கரண்ட் இருக்குமே என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"போலாம் தம்பி. ஆனா பதினேழு வருசம் ஒரே ரோடு, ஒரே பதினாலு ஸ்டாப்பிங். எங்க நிக்கணும்னு அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க. அவருக்கும் அப்டிதான், தறிய விட்டு நவுர முடியாது. இப்ப எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிக்கலாம்னு பாக்கறேன். அங்கயே படுத்து எழுந்திரிக்கலாம்."

அதற்கப்புறம் நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. வேலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருந்த பெரிய பேட்டரியையே தூக்கி வைத்துவிடலாம் என்று பாவா சொல்லி அனுப்பியிருந்தார். அது வேண்டாம் என்றேன். அது ஆசிட் ஊற்றுகிற ரகம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து கேஸ் வரும். அதன் மேல் பலகை போட்டு ஒரு மனிதர் படுத்துத் தூங்கப் போகிறார். சீல் போட்ட பேட்டரியாக ஒன்று வாங்கச் சொன்னேன். வண்டி குதித்தாலும் நகராதபடி பட்டை போட்டு இழுத்துக் கட்டி அதைக் கட்டிலின் கீழே வைத்தேன்.

முன்பக்கம் வண்டியின் சொந்த பேட்டரி. பின்பக்கம் இந்தப் புது பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமனில் ஒரு கேபிள். முன்பக்கத்தில் ஒரு ரிலே. இன்ஜின் ஓடும்போது அது இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும், பின்பக்கத்துக்கும் சார்ஜ் ஏறும். இன்ஜின் நின்றதும் பிரித்துவிடும். பின்பக்கம் எவ்வளவு செலவானாலும் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்பக்கத்தில் சார்ஜ் மிச்சம் இருக்கும். எளிமையான அமைப்புதான். டிபன் வண்டிகளுக்கு இரண்டு செய்து கொடுத்திருந்தேன்.

ஃபியூஸ் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான். ஃபியூஸ் மெஷினைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பியைக் காப்பாற்றுவதற்கு. கம்பி எங்காவது உரசி வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால், பேட்டரியில் இருக்கிற மொத்த வேகமும் அந்த ஒரு புள்ளி வழியாக ஓடும். ஃபியூஸ் இருந்தால் அது உருகி அறுந்துபோகும், அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் கம்பிதான் உருகும். அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும். இரண்டு பேட்டரி என்றால் ஒரு கேபிளுக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். ஒரே குழாயின் இரண்டு நுனியிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மாதிரி. ஒரு பக்கத்து வால்வை மூடினால் குழாய் ஒழுகுவது நிற்காது.

இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு ஃபியூஸுக்கும் சென்னையில் சொல்லி வைத்திருந்தேன். நூறு ஆம்பியர் பட்டை ஃபியூஸ், அதை உள்ளே மாட்ட மூடியோடு கூடிய கட்டை. ஒன்றுதான் வந்தது. அடுத்தது பார்சலில் வருகிறது என்றார்கள். அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. ஊருக்குள் எந்தப் பக்கமும் வண்டி நுழைய முடியாது. மூன்று நாள் காவடி தவிர எதுவும் நகரவில்லை. பார்சல் வரவில்லை.

இருந்த ஒன்றை முன்பக்கம் வைத்தேன். பின்பக்கம் கேபிள் நுனியில் லக் என்கிற செம்பு வளையத்தை அடித்து, நேராக பேட்டரியிலேயே முறுக்கினேன். ஃபேன், லைட், மெஷின் மூன்றுக்கும் தனித்தனியாகச் சின்ன ஃபியூஸ் போட்டு ஒரு பெட்டியில் வரிசையாக வைத்தேன். கேபிளை நெளிகுழாயில் விட்டு, தகடு வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் புஷ் வைத்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. செல்போனில் படம்கூட எடுத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காடு பக்கம் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கப் போவதாக அக்கா சொல்லியிருந்தார். சமைத்து எடுத்துக்கொண்டு போய், எங்காவது நிழலில் நிறுத்திச் சாப்பிட்டு, பாவா மெஷின் போட்டு மதியம் ஒரு தூக்கம் தூங்கிப் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வாரம் தூத்துக்குடி. சனிக்கிழமை வண்டியை எடுக்க வந்தார். பேட்டரியைக் கழற்ற வேண்டுமானால் முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அதற்கான பத்தாம் நம்பர் ஸ்பேனரை அங்கேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சிதா தம்பி?"

"ஆங் அக்கா, முடிஞ்சிது."

ஒரு கட்டை இன்னும் வரவில்லை, ரெண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. ஒரு நாள்தானே, முன்பக்கம் இருக்கிறதே, திங்கட்கிழமை வரச் சொல்லிப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. அக்காதான். குரலில் பதற்றமே இல்லை. "தம்பி, வண்டியில புகை வந்துச்சு. அவரு நல்லா இருக்காரு. கொஞ்சம் வரியா?" அவ்வளவுதான் சொன்னார்.

பைக்கில் போனேன். திருவாலங்காட்டுக்கு முன்னால் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு புங்க மரத்தடி. வேனின் எல்லாக் கதவும் திறந்திருந்தன. மெத்தை வெளியே புழுதியில் கிடந்தது, ஒரு மூலை கருகி. பாவா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மெஷினின் முகமூடி இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர்கள் இரண்டு பேர் மண்ணை வாரிப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

நடந்ததை அக்கா சொன்னார். சாப்பிட்டுவிட்டு பாவா மெஷின் போட்டுப் படுத்திருக்கிறார். நன்றாகத் தூங்கிவிட்டார். அக்கா வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாவா தூக்கத்தில் புரண்டு படுத்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் எரிகிற வாடை. எட்டிப் பார்த்தால் கட்டிலின் கீழிருந்து கறுப்பாகப் புகை. முகமூடி போட்டிருந்ததால் அவருக்கு வாடை தெரியவில்லை, கூப்பிட்டால் கேட்கவும் கேட்காது. அக்கா ஏறிப்போய் அவரைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். பிறகு திரும்ப உள்ளே போயிருக்கிறார். பலகையைத் தூக்கினால் நெளிகுழாய் மெழுகு மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. தொங்கிய ஸ்பேனரை எடுத்து மைனஸைக் கழற்றியிருக்கிறார்.

"அத கழட்னதும் நின்னுடுச்சு," என்றார். இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கொப்புளம். அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் புதிதாக ஒரு ஸ்குரு. பலகையைத் துளைத்து, சட்டத்தைத் துளைத்து, அதன் முனை நேராகக் கேபிளுக்குள் இறங்கியிருந்தது. பாவாவும் என் பின்னால் வந்து குனிந்தார். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெஷின் உருண்டு விழாமலிருக்க அன்று காலையில் அவர்தான் ஒரு தட்டு வைத்து ஸ்குரு அடித்திருக்கிறார். முனை கேபிளின் தோலைக் கிழித்து நின்றிருக்கிறது. அவர் புரண்டதும் பலகை அழுந்தி உள்ளே இருந்த செம்பில் பட்டுவிட்டது.

"நான் போட்டது," என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். "நான் போட்ட ஸ்குரு."

இன்ஜின் நின்றிருந்ததால் ரிலே பிரிந்திருக்கும். முன் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பக்கத்து ஃபியூஸ் முழுசாக, புத்தம் புதிதாக இருந்தது. எரிந்தது முழுக்க பின் பேட்டரியின் வேகத்தில். அங்கே ஒரு கட்டை இருந்திருந்தால் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெஷின் தனிக் கம்பியில் ஓடுவது, அதுகூட நின்றிருக்காது. மனிதர் தூக்கம் கலையாமல் படுத்திருப்பார்.

இதெல்லாம் எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. சொல்லவில்லை. எரிந்த கேபிளை இரண்டு பக்கமும் கழற்றினேன். வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. அக்கா ஓட்ட, நான் பைக்கில் பின்னாலேயே அம்மையார்குப்பம் வரை போனேன். வழி நெடுக பாவா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டாமல் உள்ளே போய்விட்டார்.

திங்கள், செவ்வாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். பார்சல் வந்துவிட்டது. பிரிக்காமல் மேஜைக்குக் கீழே தள்ளி வைத்தேன். அது கண்ணில் படுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே ஒரு வாதம் ஓடும். ஸ்குரு போட்டது நானா? கேபிள் போகிற இடத்தில் துளை போட எந்தக் கடையில் யார் சொன்னார்கள்? எல்லாம் உண்மையான வாதங்கள். அவை முடிகிற இடத்தில் அந்த முகமூடியும் அந்தக் கொப்புளமும் வந்து நிற்கும். பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். என்ன என்று மனைவி கேட்டாள். வெயில் என்றேன்.

புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் பாவா பஸ்ஸில் வந்து இறங்கினார். தனியாக. சலவைச் சட்டை போட்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"உன் வேலைய நான் கெடுத்துட்டேன்," என்றார். "நீ அவ்ளோ அழகா செஞ்சி குடுத்த. கேக்காம கைய வெச்சேன். அவளுக்கும் கையி வெந்துபோச்சு. ஊருக்கெல்லாம் போக வேணாம், வண்டிய வித்துடலாம்னு சொல்லிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தேன்.

"பின்னாடி ஒரு ஃபியூஸ் போடணும் பாவா. நான் போடல," என்றேன்.

"இன்னா?"

"ஃபியூஸ் போடல."

அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொன்னேன். பின் பேட்டரிக்கு ஃபியூஸ் போட வேண்டும், அது எனக்குத் தெரியும், வரவில்லை, போடாமலேயே முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அது இருந்திருந்தால் உங்கள் ஸ்குரு பட்டும் ஒன்றும் எரிந்திருக்காது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர்கள் எல்லாருமே என்னிடம் வண்டி விடுகிறவர்கள்.

பாவா இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜைக்குக் கீழேயிருந்த பார்சலைப் பிரித்து அந்தக் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே இருந்த பட்டையை விரலால் தொட்டார்.

"தறிக் கொட்டாயில ஃபியூஸ் கட்டை அடிக்கடி போய்டும்," என்றார். "ஒத்த இழை போட வேண்டிய எடத்துல நான் நாலு இழை முறுக்கிப் போட்டிருக்கேன். மோட்டார் புகைஞ்சிருக்கு. ஒரு தபா ரெண்டு தபா இல்ல."

அது என்னை மன்னிப்பதற்காகச் சொன்னதா, தன்னைப் பற்றிச் சும்மா சொன்னதா என்று எனக்குத் தெரியாது. எழுந்தார். "இத அவகிட்ட நீயே வந்து சொல்லு. நான் போயி சொன்னா, உனக்குக் காதுல சரியா விழுந்திருக்காதுன்னுவா."

கடையைச் சாத்திவிட்டு அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அம்மையார்குப்பத்துத் தெருக்களில் பகலில் நுழைந்தால் எல்லா வீட்டிலும் தறி ஓடும். பேசுவதற்கு வாயருகே வர வேண்டும். அக்கா வீட்டின் பின்பக்கம், சத்தம் குறைந்த இடத்தில், கருகிய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை நல்லது கெட்டது பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மெல்லச் சொன்னேன். அது கத்திச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அக்கா கையை நிறுத்தவில்லை, பஞ்சைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் ஒரு கை பஞ்சை முழுசாகப் பிரித்து வைத்தார்.

"முடிஞ்சிதான்னு நான் உன்ன கேட்டேன் தம்பி."

"கேட்டீங்க அக்கா."

"ரெண்டு நாளுன்னு சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். நாலு வருசம் இருந்தவங்களுக்கு ரெண்டு நாளு பெருசா?"

பிறகு அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டிய நாளில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு காலையில் பிரேக் மிதித்தால் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. இந்த ஒரு டிரிப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அக்கா சாவியை எடுக்கவில்லை. பதினாலு ஸ்டாப்பிங்கிலும் பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள், பெற்றவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள், வேலையே போய்விடும் என்றார்கள். இதை அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ஒரே தொழிலில் இருக்கிற இன்னொருவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கண் கலங்கியது.

பாவா தூணில் சாய்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பி, உதடு தெரிய, "வண்டிய விக்கல," என்றார். அவர் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் கேட்டிருந்தது.

வேறு கடைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். அரக்கோணத்தில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று நானே சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் வேன் என் கடை முன்னால் நின்றது. ஆனால் இந்த முறை அக்கா வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு ஸ்டூலை வேனுக்குள் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு லக்கும் அடித்த பிறகு இழுத்துப் பார்த்தார். புதுக் கேபிளைக் கட்டிலின் பக்கமே கொண்டுபோகாமல், எதிர்ப்பக்கம் தரையோரமாக, யாரும் ஸ்குரு போட நினைக்காத இடத்தில் கொண்டுபோனேன். பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தக் கட்டை. பேட்டரியிலிருந்து சின்ன ஃபியூஸ் பெட்டிக்குப் போகிற கம்பிக்கும் தனியாக ஒன்று. எது எதற்கு என்று மூடியில் அக்காவே மார்க்கரால் எழுதினார்: ஃபேன், லைட், மூச்சு.

மறுபடி எரிந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றார். பெரியதை அப்படிச் சோதிக்கக் கூடாது, தீப்பொறி பறக்கும் என்றேன். சின்னதில் காட்டினேன். லைட்டுக்குப் போகிற கம்பியின் நுனியைச் சீவி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டியின் இரும்பில் ஒரு தொடு தொட்டேன். டிக். லைட் அணைந்தது. கம்பியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். குளிர்ச்சியாக இருந்தது. அக்கா பெட்டியைத் திறந்து, உருகிய ஃபியூஸைப் பிடுங்கி, வெளிச்சத்தில் வைத்து அறுந்த இழையைப் பார்த்தார். புதியதை அவரே செருகினார். பாவா வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "போச்சா?" என்று கேட்டார். போச்சு என்று தலையாட்டினோம். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன்.

இன்னொரு நாள் மதியம் என் கடை வாசலிலேயே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் மெஷின் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கினார். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேபிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் கிளம்பினார்கள். வழியில் எங்கெங்கே நின்றார்கள் என்று முழுசாக எனக்குத் தெரியாது. ஒரு படம் வந்தது. ஏதோ உப்பளத்துக்குப் பக்கத்தில் வேன் நிற்கிறது, பின்கதவு திறந்திருக்கிறது, பாவா பனியனோடு வாளியில் தண்ணீர் எடுத்து முகம் கழுவுகிறார். இன்னொரு நாள் மகள் போனில் பேசினாள். தங்கள் வீட்டு வாசலில்தான் வண்டி நிற்கிறது, வீட்டுக்குள் கட்டில் போட்டிருந்தும் அப்பா வேனில்தான் படுப்பேன் என்கிறார் என்று சிரித்தாள். பிறகு, சிரிப்பை நிறுத்திவிட்டு, நன்றி சொன்னாள். அவளுக்கு நடந்தது தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க என்றாள்.

அவர்கள் போன அதே வாரம் நான் கனகம்மாசத்திரம் போனேன். அங்கே பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டிபன் வண்டி நிற்கும். இரண்டாவது பேட்டரி வைத்துக் கொடுத்தவற்றில் ஒன்று அது. இன்னொன்று சோளிங்கர் பக்கம். இரண்டிலும் முன்பக்கம் மட்டும்தான் ஃபியூஸ். அந்த நாளில் இரண்டாவதை வாங்கக்கூட நான் சொல்லி வைத்திருக்கவில்லை. வண்டி நல்லபடியாக ஓடுகிறது, யாரும் கேட்கவில்லை, அப்படியே போய்விட்டது.

டிபன் வண்டிக்காரர் இட்லித் தட்டு இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது, நான் கூப்பிடலையே என்றார். ஒரு வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டிருக்கிறேன், அதை முடித்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். என்ன வேலை என்று கேட்டார். பின்பக்கம் ஒரு ஃபியூஸ் போட வேண்டும், அப்போதே போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை என்றேன். ஆவியின் ஊடாக என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடுப்பு மேடைக்குக் கீழே படுத்து, முதலில் மைனஸைக் கழற்றினேன்.